தலை நீட்டிய சிமிழ்கள்

நாள் 118. காலை 07:10
செவ்வாய், புதுத்தேரி குடியிருப்பு, வெளித்தோப்பு. எழுதுவது பூச்சிக் காப்பாளர் இசக்கியம்மாள்.

வெப்பம் சரி. ஈரப்பதம் சரி. மூச்சுமரங்கள் எல்லாம் நலம். பிராணவாயு குழாய் வழியாகக் குடியிருப்புக்கு வழக்கம்போல் போகிறது.

இந்தக் குறிப்பை என்றைக்காவது யாராவது எடுத்துப் படித்தால் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் முழிக்கக்கூடாது. அதனால் ஒரே ஒரு தடவை விளக்குகிறேன். இங்கே மரத்தை நம்பி மூச்சு விட வெறும் இலை போதாது. அதற்குத்தான் சிமிழ்ப்பூச்சி. எள்ளில் பாதிகூட இருக்காது. இலைக்குள் முட்டை வைக்கும். வைத்த இடம் வீங்கி, குங்குமச் சிமிழ் மாதிரி உருண்டு நிற்கும். உள்ளே இருக்கிற புழு சுவரைச் சுரண்டித் தின்னத் தின்ன, சுவரில் பச்சை ஊறும். அந்தப் பச்சை விடுகிற பிராணவாயுதான் அறுபத்தொரு பேருக்கு மூச்சு. புழு உயிரோடு இருக்கும்வரை சிமிழ் வேலை செய்யும். புழு செத்தால் சிமிழ் சருகு. வளர்ந்த பூச்சி சுவரில் ஓட்டை போட்டு வெளியே வந்து அடுத்த இலைக்குப் போகும்.

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் என்று விற்பதும் இந்த வகைதான். அது காயே இல்லை, பூச்சியின் வீடு. ஓட்டை இருந்தால் பூச்சி போய்விட்டது. ஓட்டை இல்லையென்றால் உள்ளேயே செத்துக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு அதைத்தான் உரசிக் கொடுக்கிறோம், பாவம் அதுகளுக்கு என்ன தெரியும்.

இன்று ஒரு நல்ல சேதி. வடக்கு வரிசையில் நாலைந்து சிமிழ்களில் பூச்சி தலையை நீட்டியிருக்கிறது. கணக்குப்படி வெளியே வர இன்னும் ஒரு மாதம் ஆகவேண்டும். முன்கூட்டியே வருகிறது என்றால் நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். "தலை நீட்டினால் நல்ல சகுனம், அடுத்த தலைமுறை சீக்கிரமே வருகிறது" என்று தொலைபேசிக் கம்பி வழியாக அறிக்கை அனுப்பினேன். தளத்தலைவர் செல்வின் அதை அப்படியே பொது ஒலிபரப்பில் வாசித்துவிட்டார். உடனே என் தங்கை பேச்சி தொலைபேசியில் வந்துவிட்டாள்.

"எக்கா, எனக்குக் கல்யாணத்துக்கு நாள் பாக்கும்போது சகுனமாவது மண்ணாங்கட்டியாவதுன்னு கத்துன. இப்ப பூச்சிக்குச் சகுனம் பாக்கியா?"

வாய்க்கொழுப்பு. கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் குறையவில்லை.

நாள் 121. மாலை 16:30
தலை நீட்டியதுகள் அப்படியே நிற்கின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. சோம்பேறிக் கழுதைகள். தெற்கு வரிசையிலும் தலைகள் தெரிகின்றன. நீட்டிய சிமிழ்களில் சில நிறம் மங்குகின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று குழாயைக் கூட்டி வைத்தேன்.

குடியிருப்பில் பிராணவாயு அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். செல்வின் கேட்டார். நாலு நாளில் ஏறிவிடும் என்று சொன்னேன்.

நாள் 123. காலை 09:40
குளவி.

கடுகைவிடச் சின்னது. கறுப்பு, வெளிச்சம் பட்டால் நீலம். ஒரு சிமிழின் மேல் நின்றுகொண்டு, வாலில் இருந்து முடி மாதிரி ஒரு ஊசியை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. தையல்காரி ஊசியில் நூல் கோக்கிற பொறுமை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சிமிழுக்குள் இருக்கிற புழுவின் மேல் முட்டை வைக்கிறது. அதன் குஞ்சு நம் புழுவைத் தின்று வளரும்.

மனிதன் கொண்டுவந்தால் ஒழிய செவ்வாயில் குளவி கிடையாது. கொண்டுவந்தது யார், எதில் என்று தெரியவில்லை. அதை யோசிக்க இப்போது நேரமில்லை.

நாள் 123. மதியம் 13:15
செல்வினோடு பேசி முடித்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். வெளித்தோப்பு போச்சு. மருந்து அடித்தால் குளவியோடு சிமிழ்ப்பூச்சியும் சாகும். ஆனால் குடியிருப்புக்குள்ளே உள்தோப்பு இருக்கிறது. மரங்கள் கொஞ்சம்தான், ஆனால் எல்லாம் சிமிழ் கட்டி நிற்கின்றன. ஓடாமல் ஆடாமல் அடங்கி இருந்தால் பூமியிலிருந்து அடுத்த கப்பல் வரும்வரை அறுபது பேருக்கும் அது தாங்கும். ஒரு குளவி, ஒரே ஒரு பெண் குளவி அங்கே போனாலும் தாங்காது.

அதனால் குடியிருப்பையும் வெளித்தோப்பையும் சேர்க்கிற சுரங்கப்பாதையை மூடச் சொன்னேன். பாதையில் இருக்கிற காற்றை உறிஞ்சிவிடச் சொன்னேன், காற்றில்லாத இடத்தைக் குளவி தாண்டாது. பிராணவாயுக் குழாயையும் அடைக்கச் சொன்னேன்.

"நீங்க இந்தப் பக்கம் வந்துட்டு மூடலாமே மேடம்," என்றார்.

என் தலைமுடியில், சட்டை மடிப்பில், காதுக்குள் எத்தனை இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும். வரவில்லை என்றேன். எனக்கு ஒன்றும் ஆகாது. சிமிழ் எல்லாம் உதிர்ந்தாலும் இத்தனை மரத்து இலை ஒருத்திக்குத் தாராளம். சாப்பாட்டுக்குக் கிழங்குப் பாத்தி இருக்கிறது. கப்பல் வரும்போது வந்து என்னைக் கழுவி எடுத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக இதையும் சொன்னேன், செல்வினும் எழுதிக்கொண்டார். "என்ன நடந்தாலும் திறக்காதீங்க. நானே கெஞ்சுனாலும் திறக்காதீங்க. எங்கயாவது கசிஞ்சா அந்தப் பக்கத்துல இருந்து அடைச்சிருங்க, யோசிக்காதீங்க."

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. கதவை ஒட்டித் தொலைபேசிக் கம்பி போகிற துவாரம். விரல் நுழையாது. குளவி ஊர்வலமே போகும். கம்பியை வெட்டிவிட்டுத் துவாரத்தைப் பிசின் ஊற்றி அடைக்க வேண்டும். அதைச் சொன்னதும் பேச்சி போனைப் பிடுங்கிவிட்டாள்.

"எக்கா கம்பிய வெட்டாத. சொல்றதக் கேளு. அவிய அங்க ஒரு வயர்லெஸ் மாட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ, நாந்தான் கல்யாண வேலைல விடல. வெட்டிட்டேன்னா எங்கிட்ட எப்படிப் பேசுவ?"

அவள் புருஷன் தவசிதான் இங்கே ரேடியோ மெக்கானிக். இங்கே ஒலிபரப்பு கேட்க மட்டும் ஒரு பொதுப்பெட்டி இருக்கிறது, அதில் நீ பேசுவதை நான் கேட்பேன், நான் பேசாவிட்டால் உனக்கு நிம்மதிதானே என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வெட்டிவிட்டேன். பிசின் கல் மாதிரி இறுகிவிட்டது.

நாள் 124. காலை 08:00
ஒரு சிமிழை அறுத்துக் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன்.

குளவிக் குஞ்சு புழுவைச் சும்மா தின்னவில்லை. புழு பூச்சியாகிறவரை விட்டுவைக்கிறது. பிறகு அதற்கு என்னமோ செய்கிறது, வெறி பிடித்த மாதிரி அது நேரத்துக்கு முன்னாலேயே சுவரைக் கடிக்கிறது. ஆனால் ஓட்டையைப் பெரிதாகப் போடத் தெம்பில்லை. தலை மட்டும் நுழைகிறது, உடம்பு வரவில்லை. தலை மாட்டிக்கொண்டு கார்க் மாதிரி அடைத்து நிற்கிறது. பின்னாலிருந்து குளவி அதன் உடம்பை நிதானமாகத் தின்கிறது. முடித்ததும் அந்தத் தலையையே துளைத்துக்கொண்டு வெளியே பறக்கிறது.

தலை நீட்டல். நல்ல சகுனம். நான்தான் எழுதினேன்.

இதை அவர்களுக்குச் சொல்ல வழியில்லை. பரவாயில்லை, சொல்லத் தேவையும் இல்லை. உள்தோப்பு சுத்தமாக இருக்கிறது.

நாள் 126. காலை 11:20
எதில் வந்தது என்று கண்டுபிடித்தேன். கிழக்கு மூலையில், வாசலை ஒட்டி. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

பந்தக்கால்.

பேச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் ஒரே பிடிவாதம். முகூர்த்தக்கால் நடாமல் தாலி கட்டக்கூடாது, அதுவும் கல்யாண முருங்கைக் கம்பாகத்தான் இருக்கவேண்டும் என்று தவசியின் அம்மா பூமியிலிருந்து கப்பலில் ஒரு கம்பை அனுப்பினார்கள். மஞ்சள் தடவி, பட்டுத்துணி சுற்றி, தாலிக்கொடி மெட்டியோடு ஒரே பெட்டியில். சோதனையில் ஊறுகாயைப் பிரித்துப் பார்த்தார்கள், பூமாலையை எரித்தார்கள், எலுமிச்சம்பழத்தைக்கூட விடவில்லை. பந்தக்காலை ஒருத்தரும் தொடவில்லை. அதை யாரும் செடி என்று நினைக்கவில்லை. அது சாமி காரியம். நானும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஐந்து பெண்களில் ஒருத்தியாக நின்று அதன் அடியில் பால் ஊற்றினேன். எங்கேயாவது ஒரு இலையைக் கண்டால் திருப்பிப் பார்க்கிறவள், அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மூன்றாம் நாள் பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து இங்கே நட்டார்கள். நட்ட கால் துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்று வழக்கம். துளிர்த்தது. நானே ஓடிப்போய் பேச்சிக்குச் சொன்னேன்.

இப்போது அந்த இலைகளைப் பார்க்கிறேன். காம்பெல்லாம் குண்டு குண்டாக வீங்கி, ஊசிக்கண் மாதிரி ஓட்டைகள். கல்யாண முருங்கையை வீங்கவைக்கிற பூச்சியிலிருந்துதான் நம் சிமிழ்ப்பூச்சியை உருவாக்கினார்கள். அதன் எதிரி அதோடுதான் வந்திருக்கிறது. சொந்தக்காரன் வீட்டை அடையாளம் கண்டுகொண்டது.

கம்பைப் பிடுங்கி எரித்தேன். ரொம்ப நேரம் அழுதேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. தவசியின் அம்மாவைக் கொஞ்சம் திட்டினேன்.

நாள் 130. மாலை 18:20
தினமும் ஆறு மணிக்குப் பொதுப்பெட்டியில் பேச்சிக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இன்று பேசியது:

"எக்கா, சாப்ட்டியா? கிழங்கையே தின்னுட்டுக் கெடக்காத, கீரையையும் கிள்ளிப் போட்டுக்க. இங்க எல்லாரும் நல்லாருக்கோம். ஓடக்கூடாது, பாட்டுப் பாடக்கூடாதுன்னு உத்தரவு. நான் பாடக்கூடாதுன்னதும் எல்லாருக்கும் சந்தோஷம். உள்தோப்பு சும்மா பச்சப்பசேல்னு இருக்கு. எல்லாம் ஒன்னாலதான்னு செல்வின் சார் கூட்டத்துல சொன்னாவ. எனக்குத்தான்… சரி விடு. நாளைக்கு வாரேன்."

பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே சிமிழ்கள் பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டன. நடந்தால் காலுக்கடியில் நொறுங்குகின்றன. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள்.

நாள் 133. மாலை 18:10
அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எக்கா, ஒரு விசயம். நீ திட்டுவேன்னு இத்தன நாளா சொல்லல. இப்பதான் நீ திட்ட முடியாதே. பந்தக்கால ஒன் தோப்புல நட்டோம்லா, அது ரொம்ப நீளமா இருந்துச்சுன்னு அவிய நுனிய ஒடிச்சு இங்க வச்சிருந்தாவ. காய்ஞ்சுபோன மாதிரி கெடந்துச்சு. போன மாசம் உள்தோப்புல ஓரமா ஊனி வச்சோம். எக்கா, துளிர்த்திருச்சு. எலையெல்லாம் குண்டு குண்டா கொழுகொழுன்னு இருக்கு. எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாவ. இந்த நேரத்துல இப்படி ஒண்ணு துளிர்க்குதுன்னா நாம எல்லாரும் தப்பிச்சிருவோம்னு சொல்லுதாவ. ஒனக்கும் சந்தோசமா இருக்குமேன்னுதான் சொன்னேன்."

பேச்சி அதைப் பிடுங்கு. பிடுங்கி எரி. ஏட்டி பிடுங்குட்டி.

கத்திவிட்டேன். பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். அது பாட்டுக்கு அடுத்த அறிவிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நாள் 134. காலை 10:00
இன்னும் நேரம் இருக்கிறது. இலை வீங்கியதைத்தான் சொன்னாள், குளவி வெளியே வந்ததாக அவள் சொல்லவில்லை. இன்றைக்கே பிடுங்கினால் போதும். ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்தால் போதும்.

பொதுப்பெட்டியைப் பிரித்து ஏதாவது அனுப்ப முடியுமா என்று பார்த்தேன். உள்ளே என்னென்னமோ இருக்கிறது. பூச்சியின் குடலைப் பிரிக்கச் சொன்னால் பிரிப்பேன், இதில் எதைத் தொட்டாலும் கேட்பதும் போய்விடும் என்று பயமாக இருந்தது. மூடிவிட்டேன். கதவை மண்வெட்டியால் அடித்தேன். அந்தப் பக்கம் காற்றே இல்லை, சத்தம் எதில் போகும். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன். தோப்புக்கு மின்சாரம் அதன் சொந்தத் தகடுகளிலிருந்து வருகிறது. அங்கே யாருக்கும் தெரியாது.

கதவைத் திறக்கலாம் என்றால் வெற்றிடத்தில் நான் நாலடி தாண்டமாட்டேன். விண்வெளி உடை ஒன்றும் இங்கே கிடையாது. பாதையில் எப்போதும் காற்று இருந்ததால் யாரும் வைக்கவில்லை.

நாள் 135. மதியம் 14:45
பிசினைத் துளைக்கிறேன். மரத்துக்கு மருந்து ஏற்றுகிற கை டிரில் இருக்கிறது. ஓட்டை விழுந்தால் இங்கிருந்து காற்று சுரங்கப்பாதைக்குள் போகும். அங்கே அழுத்தமானி ஏறும். செல்வின் கவனிப்பார். யாராவது வந்து பார்ப்பார்கள். வந்தால் ஓட்டை வழியாக ஒரு சீட்டு அனுப்பிவிடலாம்.

உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. பாதி தூரம் போயிருக்கிறேன்.

நாள் 136. காலை 07:30
விழுந்துவிட்டது. சீழ்க்கை அடித்துக்கொண்டு காற்று போகிறது. கடைசி விரற்கடையில் டிரில் ஊசி முறிந்துவிட்டது, அதனால் அந்தப் பக்கம் ஓட்டை ரொம்பச் சின்னதாக இருக்கிறது. இன்னும் பெரிதாக்க என்னிடம் ஒன்றுமில்லை.

சீட்டு எழுதினேன். "பந்தக்காலைப் பிடுங்கி எரியுங்கள். குளவி அதில்தான் இருக்கிறது. தலை நீட்டினால் நல்லதல்ல, செத்தது." சுருட்டி, விட்டேன். காற்று இழுத்துக்கொண்டு போனது. முனை மட்டும் அந்தப் பக்கம் நீண்டு, நடுவில் சிக்கிக்கொண்டது. கம்பியை விட்டுக் குத்தினேன். இறுகிவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. சீழ்க்கை நின்றுவிட்டது.

பரவாயில்லை. முனை தெரியும். வருகிறவன் உருவிப் படிக்கவேண்டியதுதான்.

நாள் 136. மதியம் 12:05
யாரோ வந்திருக்கிறார்கள். கதவில் கையை வைத்தால் அதிர்வு தெரிகிறது. தவசியாகத்தான் இருக்கும், உடை போட்டு வேலை செய்வது அவன்தான். கதவில் தட்டினேன். அவனும் தட்டினான். நான் தட்டினேன். அவன் தட்டினான்.

உருவு தம்பி. உருவிப் பார்.

நாள் 136. மாலை 18:15
"எக்கா, பயந்துட்டோம். ஒன் அடைப்புல கசிவுன்னு செல்வின் சார் சொன்னாவ. அவியதான் போனாவ. நீ பாவம், காகிதத்தத் திணிச்சு அடைக்கப் பாத்திருக்க. நீ பட்ட பாட்ட அவிய வந்து சொன்னதும் எனக்குத் தாங்கல. அதத் தொட்டா குளவி வந்துருமேன்னு அப்படியே அதும் மேல பிசின் ஊத்திட்டாவ, நல்லா கனமா. நீ சொன்ன மாதிரியே செஞ்சுட்டோம்கா. யோசிக்கவே இல்ல. நீ தட்டுனியாமே, நல்லாருக்கேன்னுதான தட்டுன? அவிய வந்து சொன்னாவ."

நாள் 140
டிரில் இல்லை. கத்தரியால் சுரண்டுகிறேன். பிசினில் கோடுகூட விழவில்லை.

பந்தக்காலுக்குப் பேச்சி தினமும் தன் பங்குத் தண்ணீரில் ஒரு டம்ளர் ஊற்றுகிறாளாம்.

நாள் 147
இங்கே சிமிழ் ஒன்றுகூட மிச்சமில்லை. தின்ன ஒன்றும் இல்லாமல் குளவியும் செத்துவிட்டது. மேசையெல்லாம் கறுப்பாகக் கிடக்கிறது, கையால் தள்ளினால் மிளகுத்தூள் மாதிரி. தோப்பு சுத்தமாகிவிட்டது. உலகத்திலேயே இப்போது குளவி இல்லாத இடம் இதுதான். இதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.

எனக்கு மூச்சு தாராளமாக வருகிறது. அதுதான் தாங்கமுடியவில்லை. ராத்திரி முழித்துக்கொண்டால் நானே மூச்சை அடக்கிப் பார்க்கிறேன், என்னமோ அவளுக்குக் கொஞ்சம் மிச்சமாகும் என்கிற மாதிரி.

நாள் 155. மாலை 18:00
இதைக் கண்டெடுப்பவருக்கு. முதலில் கதவைப் பாருங்கள். பிசினுக்குள் ஒரு சீட்டு மாட்டியிருக்கும். உருவ முயற்சி செய்யாதீர்கள், இனி அது யாருக்கும் வேண்டாம். நான் சொல்லாமல் இருந்துவிடவில்லை என்று தெரிந்தால் போதும்.

ஆறு மணி. பேச்சி வந்துவிட்டாள். நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள்.

"எக்கா… நல்ல சேதி. கொஞ்ச நாளா காத்து… ரொம்பக் கொறஞ்சுபோச்சுன்னு எல்லாரும் பயந்துட்டாவ. இன்னைக்குக் காலைல பாத்தா, உள்தோப்புல… சிமிழெல்லாம் தலை நீட்டிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல எக்கா, எல்லாம். எந்த மரத்தப் பாத்தாலும் தலைதான். நீ சொன்னியே… நல்ல சகுனம்னு. செல்வின் சார் ஒன் அறிக்கைய… திரும்ப எடுத்து வாசிச்சாவ. ஒனக்குக் கேக்கட்டும்னு எல்லாரும் இங்க வந்து நிக்காவ. இரு… மைக்க அவங்க பக்கம் திருப்புதேன்."

கைதட்டுகிறார்கள். நடுவில் மூச்சு வாங்க நிறுத்துகிறார்கள், பிறகு மறுபடியும் தட்டுகிறார்கள்.